பெற்றோலுக்கு மாற்று எரிபொருள்: பொருளாதார இயலுமையை அளவிடுவது எவ்வாறு?
(பிறேசில் நாட்டின் எதனோல் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட விளக்கம்)



"பெற்றோலுக்குப் பதிலாக வேறொரு எரிபொருளில் கார் ஓடுமா?" என்பது ஒரு வினா. "அவ்வாறு ஓட்டுவது கட்டுப்படியாகுமா?" என்பது முற்றிலும் வேறான வினா. முதலாவது பொறியியலாளரின் வினா. இரண்டாவதே பொருளியல் மாணவராகிய உங்களின் வினா. விடைத்தாள்களில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எதனோல், உயிர்வாயு, மின்சாரம் எனப் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிவிட்டுப் புள்ளிகளை இழக்கின்றனர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும்; எஞ்சினில் தட்டல் ஒலி கேட்கும்; பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். ஆயினும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஓடத்தான் செய்தன. ஆகவே தொழில்நுட்ப ரீதியில் அது இயலுமானதே. ஆனால் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் எவரும் மண்ணெண்ணெயில் ஓட்ட விரும்பவில்லை. எஞ்சின் தேய்மானமும் பழுதுபார்க்கும் செலவும் சேர்ந்தால் அது மலிவானதன்று என்பதை வாகனம் வைத்திருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். பெற்றோலின் விலை பன்மடங்காக உயர்ந்திருந்தபோது மட்டுமே மண்ணெண்ணெய் "கட்டுப்படியானது".

இதிலிருந்து நீங்கள் மனதில் இருத்த வேண்டியது: மாற்று எரிபொருளின் பொருளாதார இயலுமை அதன் சொந்த விலையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பெற்றோலின் விலையோடு ஒப்பிட்டே அது தீர்மானிக்கப்படுகின்றது. பெற்றோல் விலை மாறும்போது விடையும் மாறும். இதனை ஒரு முழு நாடே பரீட்சித்துப் பார்த்த வரலாறுதான் பிறேசிலின் எதனோல் திட்டமாகும்.

திட்டம் ஏன் தொடங்கப்பட்டது?

1973 ஒக்ரோபரில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடியின்போது, பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலராக இருந்த மசகு எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ 12 டொலரானது. அக்காலத்தில் பிறேசில் தனது எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 80 வீதத்தை இறக்குமதி செய்து வந்தது. எனவே அந்நியச் செலாவணி பெருமளவில் கரைந்தது. அதே வேளை 1974இன் இறுதியில் உச்சத்தைத் தொட்ட உலகச் சீனி விலை அதன்பின் வேகமாக வீழ்ந்தது. ஒருபுறம் எண்ணெய்க்குக் கொடுக்க டொலர் இல்லை. மறுபுறம் கரும்பை வாங்க ஆளில்லை. இவ்விரு பிரச்சினைகளையும் ஒன்றாகத் தீர்க்கும் நோக்குடன் சனாதிபதி ஏர்னெஸ்ரோ கைசலின் அரசாங்கம் 1975 நவம்பரில் 'புறோஅல்கூல்' எனப்படும் தேசிய மதுசாரத் திட்டத்தை ஆரம்பித்தது.

முதற் கட்டத்தில் நீரகற்றிய எதனோல் பெற்றோலுடன் கலக்கப்பட்டது. இதற்குப் புதிய எஞ்சின் தேவைப்படவில்லை. 1979இல் இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்ததும் அரசாங்கம் அடுத்த அடியை வைத்தது: முழுமையாக எதனோலில் மட்டும் ஓடும் கார். அவ்வாண்டில் வெளிவந்த பியற் 147 கார் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது எதனோல் காராகக் கருதப்படுகின்றது. குளிரான காலை வேளைகளில் எதனோல் எளிதில் ஆவியாகாது. எனவே எஞ்சினை இயக்குவதற்கு மட்டும் ஒரு சிறிய பெற்றோல் தாங்கியும் அக்கார்களில் பொருத்தப்பட்டிருந்தது. மேலே கூறிய மண்ணெண்ணெய்க் கார்களை இது உங்களுக்கு நினைவூட்டலாம்.

மக்களை வாங்கத் தூண்டுவதற்கு அரசாங்கம் பல சலுகைகளை வழங்கியது. எதனோல் கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. வடிசாலைகளை அமைப்போருக்குப் பணவீக்க வீதத்திலும் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. எதனோலின் விலை பெற்றோல் விலையின் 65 வீதத்தை விஞ்சாது என உறுதியளிக்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டவை எதனோல் கார்களாக இருந்தன.

65 வீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

இப்பகுதியை நிதானமாக வாசியுங்கள். கணிப்பு வினாக்கள் பெரும்பாலும் இதிலிருந்தே எழும்.

ஒரு லீற்றர் தூய பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகா யூல் சக்தி உண்டு. ஒரு லீற்றர் எதனோலில் ஏறத்தாழ 21 மெகா யூல் மட்டுமே உண்டு. 21ஐ 32ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.66 வரும். அதாவது, சாரதி வாங்குவது லீற்றரை அன்று, கிலோமீற்றரை. ஒரு லீற்றர் எதனோல் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கே போதுமாயின், அதன் விலையும் மூன்றில் இரண்டு பங்காக இருந்தாற்றான் அது பெற்றோலுக்குச் சமமாகும்.

பிறேசிலில் இன்று 65 வீதத்துக்குப் பதிலாக 70 வீதம் என்ற கணக்கே வழக்கில் உள்ளது. காரணம் யாதெனில், அங்கு காருக்குத் தூய பெற்றோல் விற்கப்படுவதில்லை. பல ஆண்டுகளாக நான்கில் ஒரு பங்கு அளவில் எதனோல் கலந்தே விற்கப்பட்டது; 2025 ஓகஸ்டில் இக்கலப்பு 30 வீதமாக உயர்த்தப்பட்டது. கலப்புப் பெற்றோலின் சக்தி தூய பெற்றோலிலும் குறைவு. 30 வீதக் கலப்பில் 0.30 × 21 + 0.70 × 32 = 28.7 மெகா யூல். கார்களுக்குத் தனியாக விற்கப்படும் எதனோலில் சிறிதளவு நீர் உள்ளமையால் அதன் சக்தி ஏறத்தாழ 20 மெகா யூல். 20 ÷ 28.7 = 0.70.

உதாரணம்: கலப்புப் பெற்றோல் லீற்றர் 6.00 றியால் எனவும், அதில் கார் 12 கிலோமீற்றர் ஓடும் எனவும் கொள்வோம். எதனோலில் அதே கார் 12 × 0.70 = 8.4 கிலோமீற்றர் ஓடும். பெற்றோலில் ஒரு கிலோமீற்றருக்கான செலவு 6.00 ÷ 12 = 0.50 றியால். எதனோல் 4.10 றியாலுக்கு விற்றால் கிலோமீற்றருக்கு 4.10 ÷ 8.4 = 0.49 றியால், எதனோலே இலாபம். 4.40 றியாலுக்கு விற்றால் 0.52 றியால், எதனோல் நட்டம். இரண்டும் சமனாகும் விலை 4.20 றியால். 4.40 என்பது 6.00ஐ விடக் குறைவுதானே எனக் கூறி "எதனோல் மலிவு" என எழுதுவதே மாணவர்கள் விடும் பொதுவான பிழை.

விலை வீழ்ந்தபோது நடந்தது

1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து ஒரு கட்டத்தில் பீப்பாய் 10 டொலரை அண்மித்தது. பெற்றோல் மலிந்துவிட்டது, ஆனால் எதனோலை உற்பத்தி செய்யும் செலவு குறையவில்லை. வாக்குறுதி அளித்தபடி எதனோலைக் குறைந்த விலைக்கு விற்பதாயின் யாரேனும் ஒருவர் அவ்வித்தியாசத்தைச் சுமக்க வேண்டும். அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனமான பெற்றோபிறாஸும் திறைசேரியும் ஒரு பங்கைச் சுமந்தன. மீதியைக் கரும்புச் செய்கையாளரும் வடிசாலைகளும் சுமக்க நேர்ந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விலை கடும் பணவீக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே உற்பத்தி தேங்கியது.

ஆனால் கார்களோ பெருகிக்கொண்டே இருந்தன. 1989ஆம் ஆண்டளவில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் எதனோலில் மட்டுமே ஓடக்கூடியனவாக வீதியில் இருந்தன. அவ்வேளையில் உலகச் சீனி விலையும் உயர்ந்தது. விளைவு, 1989 இறுதியிலும் 1990இலும் எதனோலுக்குக் கடும் தட்டுப்பாடு. நிரப்பு நிலையங்களில் நீண்ட வரிசைகள். எதனோல் திட்டத்தின் தாயகமாகிய நாடு எதனோலையும் மெதனோலையும் இறக்குமதி செய்து கலந்து விற்க வேண்டியதாயிற்று.

இங்கு பாடத்துடன் தொடர்புபடுத்திப் பாருங்கள். கரும்பிலிருந்து சீனியும் எடுக்கலாம், எதனோலும் எடுக்கலாம். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இது போட்டி நிரம்பலுக்குச் சிறந்த உதாரணம். எதனோலின் அமையச் செலவு என்பது கைவிடப்பட்ட சீனியின் பெறுமதியே. சீனி விலை உயர்ந்தால், வயலில் எதுவும் மாறாமலேயே எதனோலின் உண்மைச் செலவு உயர்ந்துவிடும். அரசாங்கம் விதித்த உச்ச விலை இந்த உயர்வைச் சந்தையில் வெளிப்பட விடவில்லை. எனவே விலைக்குப் பதிலாக வரிசை தோன்றியது. மிகைக் கேள்வி என நாம் வரைபடத்தில் காட்டும் இடைவெளி நடைமுறையில் வரிசையாகவே காட்சியளிக்கும். 2022இல் எமது நாட்டுப் பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் காத்திருந்ததை உங்கள் வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். அங்கு மூல காரணம் டொலர் பற்றாக்குறை, வேறானது. ஆனால் வரிசையில் கழிந்த நேரமும் ஒரு செலவே என்பது இரண்டுக்கும் பொதுவானது.

அரசை நம்பி எதனோல் கார் வாங்கிய குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெற்றோல் அருகிலேயே கிடைக்கின்றது. ஆனால் அவர்களின் எஞ்சின் அதனை ஏற்காது. காரும் அதன் எரிபொருளும் இணைந்த கேள்வியுடைய பண்டங்கள். காரை வாங்கிய கணத்திலேயே எரிபொருள் தெரிவும் பல ஆண்டுகளுக்கு முடிந்துவிடுகின்றது. எனவே பெற்றோலும் எதனோலும் ஒன்றுக்கொன்று பிரதியீடு எனப் பாடநூல் கூறினாலும், குறுங்காலத்தில் அவர்களைப் பொறுத்தவரை அவை பிரதியீடுகளே அல்ல. குறுக்கு நெகிழ்ச்சி பூச்சியத்தை அண்மித்திருந்தது எனலாம். 1990இல் எதனோல் கார் விற்பனை படுவீழ்ச்சியடைந்தது. 1990களின் பிற்பகுதியில் புதிய கார்களில் நூற்றுக்கு ஒன்றுகூட எதனோல் காராக இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளில் கட்டியெழுப்பிய நம்பிக்கை ஓரிரு ஆண்டுகளில் போய்விட்டது.

எஞ்சின் மாறியது, சந்தையும் மாறியது

2003 மார்ச்சில் வொக்ஸ்வாகன் நிறுவனம் பிறேசிலில் 'கோல்' காரின் புதிய வகையொன்றை வெளியிட்டது. அது பெற்றோலிலும் ஓடும், எதனோலிலும் ஓடும், இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் ஓடும். வெளியேறும் புகையிலுள்ள ஒட்சிசனை உணரி அளவிட, எஞ்சினின் கணினி எரிபொருள் செலுத்தும் அளவையும் தீப்பொறி நேரத்தையும் சரிசெய்து கொள்ளும். இதற்கான மேலதிகச் செலவு காரின் விலையோடு ஒப்பிடுகையில் சிறியது. சில ஆண்டுகளுக்குள் புதிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையினவாயின.

என்னுடைய கருத்தில், முழு வரலாற்றிலும் முக்கியமான திருப்பம் 1975இன் அரச ஆணை அன்று, இந்த எஞ்சினே. எரிபொருளைத் தெரியும் முடிவு கார் விற்பனை நிலையத்திலிருந்து எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கு இடம் மாறியது. சாரதி ஒவ்வொரு முறையும் 70 வீதக் கணக்கைப் பார்த்து விரும்பியதை நிரப்பலாம். சீனி விலை உயர்ந்து எதனோல் விலை கூடினால் பெற்றோலுக்கு மாறுவார். எண்ணெய் விலை உயர்ந்தால் எதனோலுக்கு மாறுவார். தட்டுப்பாட்டு அச்சம் அகன்றது. குறுக்கு நெகிழ்ச்சி உயர்ந்தது. எதனோல் உண்மையான பிரதியீட்டுப் பண்டமாயிற்று. அதற்கு முன்னரே, 1990களின் இறுதியில், எதனோல் மீதான விலைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டிருந்தமையும் இதற்கு உதவியது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. சாரதி எளிதில் மாறக்கூடியவராயின், எதனோல் விற்பவர் பெற்றோல் விலையின் 70 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது. 2011 முதல் 2014 வரை பணவீக்கத்தை அடக்கும் பொருட்டு அரசாங்கம் பெற்றோல் விலையைச் செயற்கையாகத் தாழ்த்தி வைத்தது. எதனோலின் மீது எந்தச் சட்டமும் விதிக்கப்படவில்லை. ஆனால் பெற்றோலுக்கு இட்ட உச்ச விலையே எதனோலுக்கும் உச்ச விலையாகிவிட்டது. பல வடிசாலைகள் கடனில் மூழ்கி மூடப்பட்டன. ஒரு பண்டத்துக்கு வழங்கும் விலைச் சலுகை அதன் பிரதியீட்டுப் பண்டத்தின் உற்பத்தியாளரை எவ்வாறு தாக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

சக்தி மீதியும் வெளிவாரி விளைவுகளும்

எதனோலை உற்பத்தி செய்யவும் சக்தி தேவை: உழவு, பசளை, போக்குவரத்து, வடித்தல். உள்ளிட்ட சுவட்டு எரிபொருள் சக்தியிலும் பார்க்க வெளியே வரும் சக்தி எத்தனை மடங்கு என்பதைப் பார்க்க வேண்டும். பிறேசிலின் கரும்பு எதனோலுக்கு இது ஏறத்தாழ எட்டு மடங்கு எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் சோள எதனோலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அளவே. இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் கரும்புச் சக்கை. சாறு பிழிந்த பின் எஞ்சும் சக்கையை எரித்தே வடிசாலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெறுகின்றது. மீதி மின்சாரத்தை விற்கவும் செய்கின்றது. சோளத்தை வடிக்க அமெரிக்காவில் பெரும்பாலும் இயற்கை வாயு எரிக்கப்படுகின்றது. ஆகவே "எதனோல் இலாபமானதா?" என்பதற்கு ஒரே விடை இல்லை; எந்தப் பயிரிலிருந்து, எந்த நாட்டில் என்று கேட்க வேண்டும்.

தனியார் செலவில் சேராத செலவுகளும் உண்டு. ஒரு லீற்றர் எதனோலுக்குப் பத்து லீற்றருக்கு மேற்பட்ட கழிவுத் திரவம் வெளியேறும். ஆரம்ப ஆண்டுகளில் இது ஆறுகளில் விடப்பட்டு மீன்கள் மடிந்தன. பின்னர் இதனையே வயலுக்குப் பொற்றாசியம் நிறைந்த பசளையாகப் பாய்ச்சத் தொடங்கினர். அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கும் வழக்கத்தைப் படிப்படியாக ஒழிக்க சாவோ பவுலோ மாநிலம் 2002இல் சட்டம் இயற்றியது. புகை குறைந்தது, ஆனால் இயந்திரங்கள் வந்ததால் வெட்டுத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். எதிரான பக்கத்தில், பெற்றோலின் காபனீரொட்சைட்டு வெளியேற்றமும் பெற்றோல் விலையில் சேராத செலவே என்பதையும் எழுத மறவாதீர்கள்.

மின்சாரக் கார் பற்றி ஒரு குறிப்பு

மின்சாரக் காரில் கணக்கு தலைகீழானது. கிலோமீற்றருக்கான செலவு குறைவு. ஆனால் மின்கலத்தின் காரணமாகக் கொள்விலை அதிகம். எனவே மேலதிகக் கொள்விலையை, கிலோமீற்றர் ஒன்றுக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்து, எத்தனை கிலோமீற்றரில் முதல் மீளும் எனக் காண வேண்டும். மேலதிக விலை 12 இலட்சம் ரூபா, மிச்சம் கிலோமீற்றருக்கு 15 ரூபா எனின், 80,000 கிலோமீற்றர். நாள் முழுதும் ஓடும் வாடகைக் காருக்கு இது இரண்டு ஆண்டுகளில் முடியக்கூடும். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு முடியவே முடியாது. 2010இல் கிலோவாற்று மணிக்கு 1,000 டொலருக்கு மேலிருந்த மின்கல விலை 2024இல் 115 டொலர் அளவுக்கு வீழ்ந்தமையாலேயே இக்கணக்கு இன்று கவனத்துக்குரியதாகியுள்ளது. நோர்வேயில் 2024இல் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89 வீதம் முழு மின்சாரக் கார்கள். எனினும் அங்கு நீர்மின்சாரம் தாராளம், பெற்றோல் கார்களுக்கு வரி கடுமை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இலங்கைக்குப் பொருந்துமா?

இவ்வாறு வினவப்பட்டால் உணர்ச்சிவசப்பட்டு "ஆம்" என எழுத வேண்டாம், நிலத்திலிருந்து தொடங்குங்கள். பிறேசிலில் ஒரு ஹெக்டயர் கரும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 லீற்றர் எதனோல் தரும். சக்தி அடிப்படையில் இது ஏறத்தாழ 4,000 லீற்றர் பெற்றோலுக்குச் சமன். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் செல்லும் கார் ஒன்றுக்கு 1,000 லீற்றர் பெற்றோல் தேவை. அதாவது, ஒரு ஹெக்டயர் நிலம் நான்கு கார்களுக்கே போதும். எமது நாடோ தனது சீனித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றது. உலர் வலயத்தில் கரும்புக்குப் பாய்ச்சும் நீர் நெல்லுக்கும் வேண்டிய நீராகும். பெற்றோலுக்குச் செலவாகும் டொலரை மிச்சப்படுத்தி, அதைச் சீனிக்கும் அரிசிக்கும் செலவிட நேர்ந்தால் சென்மதி நிலுவைக்குக் கிடைக்கும் நன்மை என்ன என்பதை இலக்கங்களுடன் வாதிடும் விடைக்கே கூடுதல் புள்ளி கிடைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. கலப்புப் பெற்றோல் லீற்றர் 5.50 றியால், எதனோல் 3.95 றியால். இரு எரிபொருளிலும் ஓடும் காரின் சாரதி எதனைத் தெரிவு செய்வார்? கணிப்பின் மூலம் காட்டுக.

2. 1989இலும் 2009இலும் பிறேசிலில் எதனோல் விலை ஒரே வீதத்தால் உயர்ந்ததாகக் கொண்டால், பெற்றோலுக்கான கேள்வியில் ஏற்படும் மாற்றம் ஏன் வேறுபடும்? குறுக்கு நெகிழ்ச்சியைப் பயன்படுத்தி விளக்குக.

3. பெற்றோலுக்கு உச்ச விலை விதிக்கப்படும்போது எதனோல் சந்தையில் ஏற்படும் விளைவை வரைபடத்தின் உதவியுடன் தருக.

4. சீனி விலை உயர்வு எதனோலின் அமையச் செலவை உயர்த்தும். அவ்வாறாயின், கரும்புக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையிலிருந்தே எதனோல் எடுக்க முடியுமாயின் அதன் அமையச் செலவு யாது? (சக்கை தற்போது எதற்குப் பயன்படுகின்றது எனச் சிந்திக்கவும்.)